ஜிம் கார்பெட் என்னும் வழிகாட்டி

பழவேற்காட்டு ஏரியைக் கண்டு மீள்வோர் அதன் பரப்பையும், பனிக்காலத்தில் அங்கு வந்து திரளும் பூநாரைகளின் அழகையுமே வியந்து பேசுவர். அவ்வேரியில் படகு செலுத்துவோரின் அறிவை வியந்து பேசுவோர் மிகச் சிலரே. முகத்துவாரத்தில் நீர் ஏறுவதையும் வற்றுவதையும் அவர்கள் காற்றின் மணத்தாலேயே அறிவர். எத்திட்டின் அருகே நீர் முழங்காலளவு, எங்கே ஆளையமிழ்த்தும் ஆழம் என்பது அவர்தம் கோலுக்கு மனப்பாடம். அக்கரையோரத்து இருளரோ நீரிலிறங்கிச் சேற்றைக் கையாலே தடவி இறால் பிடிக்கும் ஆற்றலுடையார். ஆங்கிலேயர் ஆண்ட நாளில் சென்னைத் துரைமார் தாரா வேட்டையாட இவ்வேரிக்கு வருவதுண்டு. வந்தவர் கையில் துப்பாக்கி இருந்தது; பறவை எங்கே இறங்கும், எவ்வேளையில் எழும், படகை எக்காற்றில் மறைத்து நிறுத்தல் வேண்டும் என்னும் அறிவோ உடன் சென்ற ஊராரிடம் இருந்தது. சுட்டவர் பெயர் துரைமார் சங்கத்துச் சுவரிலே தொங்கியிருக்கும். வழிகாட்டினவர் பெயரை யாரும் எழுதி வைத்திலர்.

வேட்டை இந்நாளில் ஒழிந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடுத்தது. பழவேற்காட்டு ஏரியும் பறவைகளின் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் நல்ல வேட்டை வழிகாட்டியாதற்கு வேண்டுவன யாவை என்னும் வினா வேட்டையோடு ஒழிந்ததன்று. பெயரிழந்து போன அவ்வழிகாட்டிகளின் கலையை ஒருவர் வாழ்க்கையிலேனும் முற்றக் காணலாமோ என்று தேடியபோது யாம் கண்டது ஜிம் கார்பெட்டின் வாழ்க்கை. இமயத்தின் அடிவாரமாகிய குமாவூனுக்கும் நம் உப்பேரிக்கும் நெடுந்தொலைவு. எனினும் அவரைப் பயிற்றியவர் ஊரறிந்த ஒரு கிராமத்தார் என்பதும், கற்றதனை அவர் தம் வாயாலேயே ஒப்பி எழுதினார் என்பதும் எம்மை அவர்பால் ஈர்த்தன.

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் நைனித்தாலில் பிறந்தார். தந்தை அவ்வூர் அஞ்சல் நிலையத் தலைவர். குடும்பம் பெரிது, வருவாய் சிறிது. ஜிம்முக்கு ஆறு வயது நிரம்பும் முன்னரே தந்தை இறந்தார். மூத்தவராகிய டாம் அப்பதவியை ஏற்றுக் குடும்பத்தைத் தாங்கினார். கோடையில் நைனித்தாலிலும், குளிர்காலத்தில் மலையடிவாரத்துக் காலாதுங்கியிலுமாக அக்குடும்பம் வாழ்ந்தது. காலாதுங்கி வீட்டு வேலிக்கு அப்பால் காடு. வெள்ளையராயினும் இந்நாட்டிலே பிறந்தவராதலின், சீமையிலிருந்து வந்த பெரிய துரைமாரோடு ஒருங்கு வைத்து எண்ணப்படாதவர் அவர். துரைமாருக்கும் ஊராருக்கும் இடைநின்ற அந்நிலை பிற்காலத்தில் வழிகாட்டுவதற்கே உதவிற்று என்பது எம் கருத்து.

கொடுநோயுற்றுப் பிழைத்தெழுந்த சிறுவனுக்கு அண்ணன் டாம் ஓர் உண்டிவில் கொடுத்தார். பின்னர் வில்லும் அம்பும் கைக்கு வந்தன. அதன்பின்னரே துப்பாக்கி, அதுவும் எத்தகைய துப்பாக்கி! குமாவூன் பறவைகளைப் பற்றி நூலெழுத முயன்ற உறவினர் ஒருவர், பறவைகளைச் சேர்த்துத் தருமாறு சொல்லி, இரட்டைக் குழலுடைய பழந்துப்பாக்கி ஒன்றைச் சிறுவனிடம் கொடுத்தார். அதன் ஒரு குழல் பிளந்து கிடந்தது. உடைந்த கட்டையும் குழலும் பித்தளைக் கம்பியாற் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. மருந்தை வாய்வழியே இடித்து நிரப்பல் வேண்டும். ஒருமுறை சுட்டால் மறுமுறை சுடுமுன் விலங்கு காதவழி போய்விடும். எனவே அச்சிறுவன் சுடுவதைக் காட்டிலும் அணுகுவதைக் கற்றான். சருகு ஒலிக்காமல் கால் வைப்பது, காற்றெதிர் நிற்பது, கண் இமையாது காத்திருப்பது ஆகிய மூன்றும் வறுமை அவனுக்கு அளித்த பாடங்கள். முதற்கண்ணே நல்ல துப்பாக்கி வாய்த்திருப்பின் அவன் நல்ல குறிகாரனாகி நின்றிருப்பான். வழிகாட்டியாகியிருப்பானோ என்பது ஐயம்.

அவன் ஆசிரியர் குன்வர் சிங். காலாதுங்கிக்கு அண்மையிலுள்ள சிற்றூரின் தலைவர். அச்சுற்று வட்டத்திலேயே பேர்பெற்ற திருட்டு வேட்டைக்காரர். கையிற் புதிதாகத் துப்பாக்கி வந்தும் அச்சத்தால் காட்டினுட் புகாது தயங்கிய சிறுவனை அவர் எள்ளிலர். அவன் இனிச் சிறுவனல்லன், ஆடவன் என்று தேற்றி, மரமேறக் கற்றானாயின் எக்காட்டிலும் அஞ்சாது செல்லலாம் என்று அறிவுறுத்தித் தாமே உடன் அழைத்துச் சென்றார். ஈண்டு ஆசிரியரின் நுண்ணறிவைக் காண்க. முதற்பாடம் சுடுவது பற்றியதன்று. உயிரோடு மீள்வது பற்றியது. படகு கவிழ்ந்தால் எப்பக்கம் நீந்துவது என்பதை வலை வீசுமுன் கற்பிக்கும் நம் கடற்கரைத் தந்தையரும் இம்முறையினரே.

பின்னாளில் குன்வர் சிங் அபினிக்கு அடிமையாகிச் சாகுந் தறுவாயிற் கிடந்தார். சேதியறிந்த கார்பெட் ஓடிச் சென்று, அவரை எடுத்து நிறுத்தி, இனித் தொடுவதில்லை என்று சூளுரைக்கச் செய்து காத்தார். குன்வர் சிங் அச்சூளைக் காப்பாற்றினார். இவ்வரலாற்றை மாணவரே எழுதியிராவிடில் அவ்வாசிரியர் பெயரும் நம் ஏரிப் படகோட்டிகளின் பெயர் போன வழியே போயிருக்கும்.

காட்டின் மொழியைக் கார்பெட் இங்ஙனமே கற்றார். புலி நடக்கையில் அதனைக் கண்டு குரலெழுப்புவன பல. முசு மரவுச்சியிலிருந்து இருமுவதுபோற் கூவும், புள்ளிமான் கூர்ங்குரலெடுக்கும், கேளையாடு நாய் போலக் குரைக்கும், கடமான் முழங்கும், மயிலும் காட்டுக்கோழியும் சேர்ந்துகொள்ளும். இவற்றுள் எது எதனைக் கண்டு அஞ்சிற்று, அவ்வச்சம் நின்றவிடத்தே நிற்கின்றதா நகர்கின்றதா என்று செவியாற் பின்பற்றின், கண்ணிற்படாத புலியின் வழி முழுதும் வரைந்த படம்போல் விளங்கும். மண்ணில் பதிந்த அடிச்சுவட்டைக் கொண்டு அது ஆணா பெண்ணா, இளையதா முதியதா, ஊனமுற்றதா, எப்போது சென்றது என்பனவெல்லாம் அவர் கூறுவார். மிதியுண்ட புல் நிமிர்கின்ற நிலையும், சுவட்டின் மீது விழுந்து கிடக்கும் பனித்துளியும் அவர்க்கு நாழிகை வட்டில். இலக்கண மாணவராகிய நமக்கு இது விளங்காததன்று. எழுத்தறியாதார்க்குக் கீறல், அறிந்தார்க்குச் சொல்.

ஏறத்தாழப் பதினெட்டாம் வயதில் அவர் இரயில்வே வேலைக்குச் சென்றார். பின்னர்க் கங்கைக்கரையிலுள்ள மொகாமே காட்டில் சரக்கு மாற்றும் ஒப்பந்தம் ஏற்று, இருபதாண்டுக்கு மேல் அங்கிருந்தார். கூலியாட்களோடு தாமும் கரி சுமந்தார். ஊதியத்தை அவர்களோடு பகிர்ந்துகொண்டார். விடுமுறை கிடைத்தபோதே குமாவூன் காடு.

ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிச் செல்லும் பணி 1907-ஆம் ஆண்டு சம்பாவத்துப் பெண்புலியோடு தொடங்கிற்று. நேபாளத்திலும் குமாவூனிலுமாக அப்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. போகுமுன் கார்பெட் அரசினர்க்கு இரண்டு வேண்டுகோள் விடுத்தார். புலியின் தலைக்கு வைத்த பரிசுத்தொகையை நீக்கல் வேண்டும். காட்டிலிருக்கும் பிற வேட்டைக்காரரை அழைத்துக்கொள்ளல் வேண்டும். பரிசுக்காகக் கொல்பவன் என்ற பெயரை அவர் விரும்பிலர். புதர் அசைந்தவிடமெல்லாம் சுடுவோர் நடுவே நடப்பதையும் விரும்பிலர்.

பாலி என்னும் சிற்றூரை அவர் அடைந்தபோது மக்கள் ஐந்து நாட்களாக வீட்டுக் கதவைத் திறவாது கிடந்தனர். அன்றிரவு அவர் சாலையோரத்து மரத்திற் சாய்ந்து, நிலவொளியில் அசையும் நிழலெல்லாம் புலியாகத் தோன்ற, பல்லோடு பல் அடிக்க அமர்ந்திருந்தார். இதனை அவரே எழுதி வைத்திருக்கின்றார். வீரக் கதைகளில் இத்தகைய ஒப்புதலை யாம் கண்டதில்லை. அஞ்சினேன் என்று கூற நாணுபவன் பின்வருவோரைப் படுகுழியில் இறக்கிவிடுவான்; அச்சத்தின் அளவை அறிந்தவனே எங்கே நிற்கச் சொல்லலாம், எங்கே ஓடச் சொல்லலாம் என்று அறிவான்.

மறுநாள் அவர் புலியைத் தேடி ஓடினாரல்லர். வயலில் முற்றிய கதிரை ஊரார் அறுத்தெடுக்கத் துப்பாக்கியோடு காவல் நின்றார். எதிர்மலைச் சரிவில் மூன்று மலையாடுகளைச் சுட்டு உணவுக்கு அளித்தார். அவர் குறி தவறாது என்பதை ஊரார் அப்போது கண்டுகொண்டனர். அதன் பின்னரே தாமறிந்ததைச் சொல்லத் தொடங்கினர். புதிதாக வந்தவன் எவ்வளவு கற்றவனாயினும் அவ்வூரின் ஓடையும் பாறையும் ஊராருக்கன்றோ தெரியும்? அவர்தம் நம்பிக்கையைப் பெறாதவன் குருடனே.

இறுதியிற் சம்பாவத்தில் தாசில்தாரின் உதவியால் ஏறத்தாழ முந்நூறு பேர் கூடிப் பறையறைந்து காட்டைக் கலைத்தனர். கார்பெட்டிடம் இருந்த தோட்டாக்கள் மூன்று, மூன்றும் தீர்ந்தன, புலி சாகவில்லை. தாசில்தாரின் கையிலிருந்த பழுதுற்ற துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிச் சுட்ட பின்னரே அது வீழ்ந்தது. வீழ்ந்த விலங்கின் வாயை அவர் பார்த்தார். வலப்புறத்து மேற்கோரைப் பல்லும் கீழ்க்கோரைப் பல்லும் உடைந்திருந்தன. முன்னொருகால் எவனோ சுட்ட குண்டின் பயன் அது. இயற்கை இரையைக் கொல்ல மாட்டாத புலி மனிதனைக் கொன்றது. எனவே 436 பேரின் சாவு புலியிடத்தில் தொடங்கவில்லை. குறி தவறச் சுட்டுவிட்டு, காயமுற்ற விலங்கைத் தொடராமல் வீடு திரும்பிய ஒருவனிடத்தில் தொடங்கிற்று. காயப்பட்ட விலங்கைக் காட்டில் விட்டுவரலாகாது என்பதைக் கார்பெட் பின்னர் எத்தனை இடர்வரினும் கைவிடாத விதியாகக் கொண்டமைக்குக் காரணம் இதுவென்று கருதுகின்றோம்.

1917-ஆம் ஆண்டில் முதல் உலகப் போரின்பொருட்டுக் குமாவூன் மலைவாழ் மக்கள் 500 பேரைத் திரட்டிப் பிரான்சு நாட்டிற்கு அழைத்துச் சென்றார். கடலையே காணாதவர் அவர்கள். அவரை நம்பிக் கப்பலேறினர். ஒருவர் ஒழிய 499 பேரையும் உயிரோடு ஊர் கொணர்ந்து சேர்த்தார். இவர் சுட்ட புலிகளின் நீளத்தை அங்குல அளவில் எழுதிவைத்தோர் பலர். எமக்கோ அவற்றையெல்லாம்விட இவ்வெண்ணே பெரிதாகத் தோன்றுகின்றது.

கேதாரம் பதரி செல்லும் யாத்திரைச் சாலையில் 1918 முதல் 1926 வரை 125 பேரைக் கொன்ற உருத்திரப்பிரயாகைச் சிறுத்தையின் வரலாறு நெடிது. அவர் தனி நூலாகவே எழுதினார். கோலாபிராய் என்னுமிடத்தில் ஒரு மாமரத்தின்மேல் இரவிரவாகக் காத்திருந்து, 1926-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், கீழே கட்டிய ஆட்டின் மணியொலி ஒன்றையே குறிப்பாகக் கொண்டு சுட்டார். விடிந்தபின் இறங்கிப் பார்த்தால், கிடந்தது முதிர்ந்து பல் தேய்ந்த ஒரு சிறுத்தை. பேயென்று நாடே நடுங்கிய அதன்மீது அவர் பகை பாராட்டி எழுதினாரில்லை.

1929-ஆம் ஆண்டில் நேர்ந்தது ஒன்று, வழிகாட்டியின் தொழில் எத்துணை இடருடையது என்பதைக் காட்டும். ஒரு வேட்டைக் கூட்டத்தில் உடனிருந்தவர் அவர் செவிக்கு மிக அண்மையிற் சுட்டுவிட்டார். செவிப்பறை சிதைந்து சீழ்கொண்டது, முகம் வீங்கிற்று. ஓசையின் திசையைக் கொண்டே உயிர்வாழும் ஒருவருக்கு ஒரு செவி போவதென்றால் என்ன? அந்நிலையிலும் தல்லாதேசத்து ஆட்கொல்லிப் புலியைக் கொல்ல வாக்களித்தபடி சென்றார். காட்டிலேயே அக்கட்டி உடைந்து நோவு தணிந்தது. புலியும் முடிவில் வீழ்ந்தது. சுட்டவரைக் குறித்து அவர் எங்கும் குறை கூறிற்றிலர். பெரிய இடத்து விருந்தினரின் அறியாமையைப் பொறுத்துக்கொள்வதும் இத்தொழிலின் ஒரு பகுதி போலும்! பழவேற்காட்டுப் படகோட்டிகளும் இதனைப் போதிய அளவு அறிந்திருப்பர்.

கார்பெட்டைக் குற்றமற்றவராகக் காட்டுதல் எம் நோக்கமன்று. 1930-ஆம் ஆண்டில் அவர் சுட்ட பவல்கட்டுப் புலி ஆட்கொல்லியன்று. அளவிற் பெரிது என்பதொன்றே அது செய்த பிழை. வைசிராய் லின்லித்கோ போன்ற பெருமக்களுக்கு வேட்டை ஒழுங்கு செய்து கொடுத்ததும் உண்டு. எனினும் அவர் மனத்தை மாற்றிய நிகழ்ச்சியாக அவர் வரலாற்றாசிரியர் குறிப்பது நம் ஏரிக்கும் பொருந்துவதாகும். படைத்தலைவர் மூவரை அவர் நீர்ப்பறவை வேட்டைக்கு அழைத்துச் சென்றார். அவர்கள் ஏறக்குறைய முந்நூறு பறவைகளைச் சுட்டுக் குவித்தனர். உண்பதற்கன்று, எண்ணுவதற்கு. வழியைக் காட்டியவர் தாமே என்பது கார்பெட்டின் நெஞ்சை உறுத்திற்று. துப்பாக்கியைத் தொடாதவன் தன் கையிற் குருதியில்லை என்று தப்பிக்கொள்ளலாமா? பறவை இறங்கும் இடத்தைக் காட்டாதிருந்தால் அம்முந்நூறும் பறந்திருக்குமன்றோ? கூலி பெற்றுப் படகு செலுத்திய ஏழையை யாம் இங்குக் குறைகூறவில்லை. அவனுக்கு மறுக்க இடமில்லை. கார்பெட்டுக்கு இருந்தது, அவர் அதனை உணர்ந்தார்.

அதன்பின் அவர் நாட்டம் படமெடுக்கும் கருவிபாற் சென்றது. காட்டிலாகா அதிகாரியாகிய சாம்பியன் என்பார் புலிகளை இரவில் நிழற்படமெடுத்துக் காட்டியது அவர்க்கு ஊக்கமளித்தது. சுடுதற்கு முப்பதடி அணுகுவதினும் படமெடுத்தற்கு அணுகுவது அரிது. ஓடையொன்றின் ஒலியில் கருவியின் ஒலி மறையுமாறு இடம் அமைத்து அவர் புலிகளைப் படம்பிடித்தார். 1936-ஆம் ஆண்டில் இமயமலை அடிவாரத்தில் நம் நாட்டின் முதல் தேசியப் பூங்கா அமைந்தது. அதன் எல்லை வகுப்பதில் அவர் உதவினார். அவர் மறைந்த பின்னர் அப்பூங்காவுக்கு அவர் பெயரையே இட்டனர். 1973-ஆம் ஆண்டில் புலிகள் காப்புத் திட்டம் தொடங்கப்பெற்றதும் அங்கேயே.

மக்களைக் கொல்லும் புலிக்கு மட்டும் அவர் துப்பாக்கி தூக்கினார். 1938-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் மாலை, தாக் என்னும் ஊரருகே, இருள் கவியும் நேரத்தில், புலியின் குரலைத் தம் தொண்டையாலேயே எழுப்பி ஆட்கொல்லிப் பெண்புலியைத் தம்பால் வரவழைத்தார். உடனிருந்த ஊரார் சிலரை எங்கே மறைத்து வைப்பது என்பதே அப்போது அவர்க்கிருந்த பெருங்கவலை. அப்போது அவருக்கு வயது 63. அவர் தேடிச் சென்ற ஆட்கொல்லிகளுள் அதுவே கடைசி.

இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காடுகளுக்குச் செல்லும் படைவீரர்க்குக் காட்டு வாழ்க்கையைக் கற்பிக்கும் ஆசிரியராக 1944-ஆம் ஆண்டில் அமர்த்தப் பெற்றார். திசையறிவது, தண்ணீர் காண்பது, உண்ணத்தகும் இலையும் கனியும் தேர்வது, ஒலியின்றி நடப்பது ஆகியவற்றைப் பட்டணத்து இளைஞர்க்கு அவர் கற்பித்தார். குன்வர் சிங்கின் பாடம் இங்ஙனம் பர்மா வரையிற் சென்றது. அவ்வாண்டே அவரது முதற்பெருநூலும் வெளிவந்தது. அதன் ஊதியத்தைப் போரிற் கண்ணிழந்த இந்திய வீரர்க்கு அளித்தார்.

திருமணம் செய்துகொள்ளாத கார்பெட்டுக்குத் தமக்கை மேகியே துணை. 1947-ஆம் ஆண்டு நவம்பரில் இருவரும் இந்நாட்டை நீங்கிக் கீழ்ஆப்பிரிக்காவின் கென்யாவுக்குச் சென்று நியேரி என்னும் ஊரில் தங்கினர். போகுமுன், சோட்டி ஹல்த்வானி என்னும் தம் சிற்றூரின் நிலத்தைக் குடியானவர்க்கே விட்டுச் சென்றார். காட்டுப்பன்றி பயிரை அழியாதிருக்க அவ்வூரைச் சுற்றித் தம் செலவில் எழுப்பிய கல்மதிலும் அவர்கட்கே ஆயிற்று.

1952-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இளவரசி எலிசபெத்து கென்யாக் காட்டில் ஒரு பெருமரத்தின்மேற் கட்டிய குடிலில் இரவு தங்கி விலங்குகளைக் காண வந்தார். உடனிருந்து காட்டை விளக்கும் பணி எழுபத்தாறு வயதுடைய கார்பெட்டுக்கு வாய்த்தது. யானையும் காண்டாமிருகமும் நீருண்ண வந்ததை அவர் இளவரசிக்குக் காட்டினார். எல்லோரும் உறங்கச் சென்றபின், மரத்தின் ஏணி முடியும் இடத்தில் துப்பாக்கியோடு இரவு முழுதும் விழித்திருந்தார். அவ்விரவிலே இங்கிலாந்தின் சாண்ட்ரிங்காமில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் காலமானார். மரமேறிய இளவரசி அரசியாக இறங்கினார். அந்நிகழ்ச்சியைப் பற்றிய சிறு நூலைக் கார்பெட் எழுதி முடித்த சின்னாட்களில், 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள், நியேரியில் உயிர் நீத்தார். அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்திலேயே அவரை அடக்கம் செய்தனர்.